மறியலில் நின்ற சிப்பி மூட்டை

1. புளியமரம்

பஸ் நின்றபோது என் மடியில் கடல் தண்ணீர் கேன், காலடியில் ஈரச் சாக்கு. சாக்குக்குள் நோய் பிடித்த சிப்பிகள், உயிரோடு. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. கள்ளக்குறிச்சி தாண்டியாயிற்று, சின்னசேலம் இன்னும் வரவில்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் சாலை மறியல் நடந்த காலம் அது.

நான் கடலூர்ப் பக்கம் ஒரு சிப்பிப் பண்ணையில் தற்காலிக லேப் அசிஸ்டென்ட். சொந்த ஊர் கல்வராயன் மலையடிவாரம். கடலை முதலில் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்த அன்றுதான். முகத்துவாரத்தில் கம்பு நட்டு ரேக் கட்டி, சிப்பிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு வளர்ப்போம். அந்த வருஷம் கயிற்றைத் தூக்கினால் பாதிச் சிப்பி வாயைப் பிளந்து நாறிக்கொண்டு வந்தது. எங்கள் ஆபீசர் சதையைக் கொஞ்சம் எடுத்து, கிருமி வளர்க்கும் பிளேட்டில் வைத்துப் பார்த்து, விப்ரியோ பாக்டீரியாதான் காரணம் என்றார். சரி, ஓடுகிற தண்ணீரில் தொங்குவதற்கு எந்த மருந்தைப் போடுவது? போட்டால் மருந்து கடலுக்குத்தான் போகும்.

சாவு நிற்காவிட்டால் பண்ணையை மூடிவிடுங்கள் என்று தலைமை ஆபீசிலிருந்து சொல்லிவிட்டார்கள். மூடினால் முதலில் வீட்டுக்குப் போவது தற்காலிக ஆட்கள். என் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. கடைசி முயற்சியாக, சேலத்தில் ரயில் ஏறி கொச்சியில் உள்ள நோய் ஆய்வகத்துக்குச் சிப்பிகளைக் கொண்டுபோக என்னை அனுப்பினார்கள்.

"உயிரோட போய்ச் சேரணும் செல்வி. சாக்கு காஞ்சா கடல் தண்ணியத் தெளி. நல்ல தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது" என்று ஆபீசர் பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

பஸ்ஸைவிட்டு இறங்கினேன். மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கூட்டத்திலிருந்து தலையில் துண்டு கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். பார்த்தால் என் அக்கா வீட்டுக்காரர்!

"யாரு, செல்வியா? நீ இந்த பஸ்ல வருவன்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

"வழி விடுங்க மாமா. இதுங்க செத்துட்டா என் வேலை போயிடும்" என்றேன்.

மாமா மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேலை கேட்டுத்தாம்மா இங்க குந்திக்கினு கெடக்குறோம். உன் வேலைய நாங்களே கெடுப்பமா? ஆனா இத இழுத்துப் போட்டாலும் அப்பால எத்தினி மரம் கெடக்குதோ. பேசாம வூட்டுக்கு வா."

மறியல் செய்தவர்களே முறை வைத்து என் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வயல் வரப்பில் நடந்தார்கள்.

2. தொட்டி

அக்கா வீட்டில் மூட்டையை நிழலில் இறக்கிக் கடல் தண்ணீர் தெளித்துவிட்டு, அவசரத்தில் அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் மாமாவின் சைக்கிளில் கள்ளக்குறிச்சி தபாலாபீசுக்குப் போனேன். மாமா மறியலுக்குத் திரும்பிவிட்டார். ஆபீசருக்கு டிரங்க் கால் போட்டுவிட்டு உட்கார்ந்ததுதான் மிச்சம், லைன் கிடைக்கவே இல்லை. பொழுது சாயத் திரும்பினால், சாக்கு மட்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்கக்கா மூட்டை?"

"பம்புசெட்டுத் தொட்டியில கொட்டி வெச்சிருக்கேன். ஒரே சேத்து நாத்தம். நல்ல தண்ணியில கெடந்தா கக்கிடும் இல்ல? காலையில கொழம்பு வெச்சிக்கலாம். உங்க மாமாவுக்கு நத்தைன்னா உசுரு."

எங்கள் பக்கத்தில் வயல் நத்தை பிடித்தால் உடனே சமைக்க மாட்டார்கள். தண்ணீரில் போட்டு, சேற்றையெல்லாம் கக்கவிட்டுத்தான் சட்டியில் ஏற்றுவார்கள். கடற்கரையில் வேலை பார்க்கிற தங்கச்சி மூட்டையோடு வந்தால், தின்னத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று யாருமே நினைப்பார்கள்.

"ஐயோ, எல்லாம் நோயாளிங்கக்கா!" என்று கத்தினேன்.

"நோயா? நல்லவேள, அடுப்புல ஏத்தல" என்றாள் அக்கா.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னாடி இது, நூலு நூலா கெடக்குது?" என்று தொட்டிக்குள் கையைக் காட்டினாள்.

அடியில் சிவப்பு நூல்போலச் சின்னச் சின்னப் புழுக்கள், செத்துத் துவண்டு கிடந்தன. சிப்பிகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இறுக மூடியிருந்தது. கத்தியை நுழைத்து ஒன்றைத் திறந்தேன். உள்ளே சதை அசைந்தது, கடல் தண்ணீர்கூட அப்படியே இருந்தது. ஓட்டின் உட்புறத்துச் சேற்றுக் கொப்புளத்தைக் கீறினால், அங்கேயும் புழு செத்திருந்தது.

அது பாலிடோரா. ஓட்டைத் துளைத்துச் சேறு நிரப்பிக் குடியிருக்கும் புழு. அது இல்லாத சிப்பியே எங்கள் பண்ணையில் கிடையாது என்பதால் ஒருவரும் அதைச் சட்டை செய்ததில்லை. பாவம், சிப்பி அந்தத் துளையை அடைத்து அடைத்தே ஓய்ந்துபோயிருக்கிறது. அதன்பிறகு பாக்டீரியா புகுந்திருக்கிறது. நல்ல தண்ணீர் பட்டதும் சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு பிழைத்துவிட்டது. புழுவுக்கு மூடிக்கொள்ள ஓடு ஏது? அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தில் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

3. பண்ணை

சிப்பிகளை மறுபடி ஈரச் சாக்கில் கட்டி வைத்திருந்து, கிழக்கே ரோடு திறந்ததும் கொச்சிக்குப் போகாமல் பண்ணைக்கே திரும்பினேன்.

"நல்ல தண்ணியிலயா போட்டே?" ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் சிப்பிகளைக் கடல் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து தண்ணீர் இழுக்க ஆரம்பித்தன. பாட்டிலில் கொண்டுவந்திருந்த புழுக்களை மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தவர், தணிந்த குரலில் சொன்னார்: "இந்த வைத்தியத்தப் படிச்சிருக்கேன். சாதாரணப் புழுதானே, அதுக்குப் போய்ச் செய்யணுமா, நம்ம சிப்பி தாங்குமோ என்னவோன்னு பயந்து விட்டுட்டேன். உங்க அக்கா பயப்படல."

அன்று முதல் கயிறு கயிறாகக் கழற்றி, அரை நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி ரேக்கில் தொங்கவிட்டோம். சாவு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது. பண்ணையை மூடும் பேச்சும் நின்றது. பிளேட்டில் அதற்குப் பிறகும் விப்ரியோ வளரத்தான் செய்தது.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிளேட்டில் கிருமி வளர்ந்தவுடன் குற்றவாளி கிடைத்துவிட்டது என்று குதிக்காதீர்கள். கடலில் அது என்றைக்கும் இருக்கும். இந்தச் சிப்பிக்குள் இப்போது எப்படிப் புகுந்தது என்று கேளுங்கள். ஓட்டைத் திருப்பிப் பாருங்கள்.

பொங்கல் லீவில் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா மறியல் கேசுக்காகக் கோர்ட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் கேட்டது இன்னும் கிடைத்தபாடில்லை. அவர் மகனும் படித்துவிட்டு வீட்டில்தான் இருந்தான்.

"பண்ணைய மூடல மாமா. எங்க யாருக்கும் வேலை போகல" என்றேன்.

மாமா முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்டின்னா நாங்க மறியல் பண்ணி வாங்கின மொத வேலை உன்னுதுதாம்மா" என்றார்.