இங்கிலாந்தை வென்ற மாலை

இட்வல் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியது பதினைந்து வயதில். வேல்ஸ்-இங்கிலாந்து ரக்பி ஆட்டத்துக்குக் கார்டிஃப் போனது அதற்கும் முன்னால். மேற்குப் பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால், அப்பாவுக்கு இருபுறமும் அண்ணனும் தம்பியும் நிற்பார்கள். பாட்டு எழும்பினால் இட்வலுக்குக் கீழ்க்குரல், தம்பி கெரைன்ட்டுக்கு மேல்குரல். "எவன்கிட்ட வேணா தோக்கலாம்டா. நம்ம கரிய தின்னவன்கிட்ட தோக்கக்கூடாது" என்பார் அப்பா. அவர் போன பிறகும் இருவரும் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. லண்டன் அரசு சுரங்கங்களை மூடக் கங்கணம் கட்டியிருந்தது. பதினோரு மாதம் தாக்குப்பிடித்த கெரைன்ட், குழந்தைக்கு நெஞ்சுச்சளி முற்றிய வாரத்தில், வேலைநிறுத்தத்தை மீறி, கல்லெறிக்காகக் கம்பிவலை போட்ட பேருந்தில் ஏறி வேலைக்குப் போனான். அடுத்த மாதமே வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. சுரங்கத்தை எப்படியும் மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கருங்காலிக்கு ஊரில் முடிவெட்டக்கூட ஆளில்லை. ஆட்டத்துக்குப் போகும் ஊர் கிளப் பேருந்தில் அவனுக்கு இடம் கூடாது என்று வாக்கெடுத்தபோது இட்வலும் கை தூக்கினான்.

அந்த வசந்தத்தில் இங்கிலாந்து வந்தது. சுரங்கத்தில் தோற்றதை மைதானத்திலாவது திருப்பித் தரவேண்டும் என்று எல்லோரும் கறுவிக்கொண்டு போனார்கள்.

பாட்டு எழும்பியது. இரண்டு வரிசை பின்னாலிருந்து ஒரு மேல்குரல் வந்தது. யாருடையது என்று மனம் சொல்லும் முன்பே இட்வலின் கீழ்க்குரல் அதற்கு அடியில் போய்ப் பொருந்திவிட்டது. பக்கத்தில் நின்ற சுரங்கத் தோழன் கிளெட் பாடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தான். இட்வல் வாயை மூடிக்கொண்டான். மேல்குரல் மட்டும் தாங்க ஆளில்லாமல் கொஞ்சதூரம் போய் நின்றது.

வேல்ஸ் வென்றது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிக்கொண்டார்கள். இட்வலின் தோளில் ஒரு கை விழுந்தது.

"அண்ணே. அப்பா இருந்திருந்தா..."

"யாரோ கூப்பிடுறாங்க போலிருக்கே" என்றான் கிளெட்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

கை விலகியது. கோடைக்குள் கெரைன்ட் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கே போய்விட்டான். அங்கே இன்னும் மூடாத சுரங்கம் ஒன்றில் வேலை கிடைத்தது. கேள்விப்பட்ட கிளெட், "போய்ச் சேரவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கான்" என்றான். இட்வல் சிரித்துவைத்தான்.

இரண்டு ஆண்டு கழித்து இங்கிலாந்து மறுபடி வந்தது. இட்வல் அதே இடத்தில் நின்றான். வேலையில்லாத மனிதனுக்கு அந்த ஒரு நாள்தான் மிச்சம். பாட்டில் அவன் குரல் ஏறவே இல்லை. போய்ப் பொருந்த மேலே எந்தக் குரலும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நெஸ்டா என்ன ஆச்சு என்று கேட்டாள்.

"தோத்தாச்சு."

வேல்ஸ் வென்றதை அவள் ரேடியோவில் கேட்டிருந்தாள். தேநீரை அவன் முன்னால் வைத்தாள்.