ஏழரைக் கிலோ ஆரணி

முப்பத்தொரு வயதுவரை நேசமலரின் வாயில் வராத சொல் ஒன்று இருந்தது. "ஏலாது" என்பதுதான் அது. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் தட்டச்சு வேலை பார்த்த ஏழு வருடமும், பக்கத்து மேசைக்காரிகளின் கடிதங்களையும் தானே அடித்துக் கொடுத்தாள். மழைக்காலத்தில் அவளுடைய குடை எப்போதும் வேறு யாரிடமோ இருக்கும். கலியாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை யோகநாதனுக்கு யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை, கொழும்புக்கு மாற்றம் எடுக்க மாட்டார் என்று தரகர் சொன்னார். அதற்கும் அவள் "ஓம்" என்றாள்.

"சண்டை நடக்கிற இடத்துக்கு ஆரும் விரும்பிப் போவினமே?" என்று அக்கா கனகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்த ஒரு ஓமைப் பற்றி மட்டும் நேசமலர் ஒருநாளும் வருந்தியதில்லை.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரத்த அழுத்தம் ஏறியது. கொழும்பில் பார்ப்பதுதான் நல்லது என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொல்லிவிட்டார். அவள் காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு, கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆரணி பிறந்தாள். ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தது ஏழு மாதமாயிற்று. தரைப்பாதை பூட்டியிருந்தது. கைக்குழந்தையோடு கப்பலில் இரவு முழுக்க அலைபட முடியாது. இரத்மலானையிலிருந்து பலாலிக்குப் பறக்கும் சின்ன விமானத்தில் இடம் எடுக்க, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது. ஒருவழியாகத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசியில் அனுமதியும் வந்தது, ரிக்கற்றும் வந்தது.

நேசமலர் விமானத்தை ஆகாயத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆரணியும் அப்படித்தான்.

செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவ அரைமணித்தியாலம்கூட எடுக்கவில்லை. பின்னேரமே மேல்வீட்டுச் சிவபாதசுந்தரம் ஒரு சிறிய பெட்டியோடு இறங்கி வந்தார்.

"தங்கச்சி, ஒரு சின்னச் சாமான். பாரமே இல்லை."

பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சின்மேல் ஒரு முழுப் பல்செட் சிரித்துக்கொண்டிருந்தது.

"கொக்குவிலிலை இருக்கிற அண்ணருக்கு. போன வருசம் இஞ்சை வந்து எல்லாப் பல்லும் கழட்டி, அளவும் குடுத்தவர். செட் வரமுன்னம் கொழும்பிலை நிக்கிற பாஸ் முடிஞ்சு போச்சு. பொக்கை வாயோடை திரும்பிப் போட்டார். பாவம், ஒரு வருசமா இடியப்பத்தைப் பாலிலை ஊறப்போட்டுச் சாப்பிடுறார்."

நேசமலரால் எப்படி ஏலாது என்று சொல்ல முடியும்? அடுத்தநாள் றஞ்சிதம் ரீச்சர் ஊரில் இருக்கும் தன் தாய்க்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் மூன்று பந்து கம்பளி நூலும் கொண்டுவந்தா. அதற்கடுத்தநாள் கப்பல் கம்பனிச் சினேகிதி ஐறீன் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அவளுடைய மடியில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்தோனியார் சொரூபம் இருந்தது.

"குருநகர் மாமியின்ர வீடு ஷெல் விழுந்து உடைஞ்சப்ப பழைய சொரூபமும் போயிட்டுது. இது கொச்சிக்கடைக் கோயில்ல மந்திரிச்சது. கோயில் சாமான், மறுக்காத."

ஆளுக்குப் பதினைந்து கிலோதான் கொண்டுபோகலாம். மடியில் இருக்கும் குழந்தைக்கு ரிக்கற்றும் இல்லை, பொதியும் இல்லை. பால்மாவும் பிள்ளையின் உடுப்புகளுமே பதினான்கு கிலோவுக்கு வந்துவிட்டன.

கனகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன விசரே? ஊரிலை இருக்கிற சாமான் எல்லாத்தையும் வாங்கி வைச்சிருக்கிறாய்! சனம் உன்ரை தலையிலை மிளகாய் அரைக்குது." அரைமணித்தியாலம் ஏசினாள். ஏசி முடிந்ததும் குசினிக்குள் போய், இரண்டரைக் கிலோ ரிச் கேக் ஒன்றைத் தூக்கி வந்தாள். "இது உன்ரை மாமியாருக்கு. அங்கை பட்டர் கிடையாதாம். இதைக் கொண்டு போகாட்டி எங்கடை குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பினம்?"

வழி சொன்னவள் பக்கத்து வீட்டு ஹபீலா. வீட்டிலிருந்தபடியே குழந்தை உடுப்புத் தைத்துக் கொடுப்பவள்.

"பேக்ல ஏத்த ஏலாட்டி புள்ளேல ஏத்துங்களே. புள்ளய யாரு நிறுக்கப் போற?"

ஹபீலா இரண்டு நாளில் ஒரு குழந்தை மெத்தை தைத்தாள். அடியில் கேக் போக ஒரு தட்டையான உறை, பக்கத்தில் அந்தோனியார் படுக்க ஒரு நீட்டு உறை. ஆரணிக்கு உள்ளேயும் வெளியேயுமாக ஆறு பை வைத்த சட்டை. நேசமலர் மூன்று சேலையை ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்தாள். மாசி மாதத்து வெள்ளவத்தை வெயிலில், புறப்படும்போதே அவள் அவித்த குழல்பிட்டுமாதிரி ஆகியிருந்தாள்.

புத்திமதிகளும் பாரமாகத்தான் இருந்தன. விமானம் எழும்பும்போது பிள்ளைக்குக் காது அடைக்கும், பால் குடுக்க வேண்டும் என்றார் ஒருவர். பால் குடுத்தால் சத்தி எடுக்கும், காதுக்குள் பஞ்சு வை என்றார் இன்னொருவர். யன்னலால் பார்க்க விடாதே, பயந்துவிடும் என்றார் சிவபாதசுந்தரம். அவரும் ஒருநாளும் பறந்தவரல்ல.

இரத்மலானை வாசலோடு கனகேஸ்வரி நிற்க வேண்டியதாயிற்று. வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடவில்லை. "பிள்ளையைக் குலுக்காதை, கேக் உடைஞ்சிடும்" என்று அவள் ஓட்டோவுக்குள் இருந்து கத்தியது வாசலில் காவல் நின்ற சென்ரிக்காரனுக்கும் கேட்டிருக்கும். நல்லவேளை, அவனுக்குத் தமிழ் விளங்காது.

உள்ளே ஒரு தகரக் கொட்டகை. முதலில் பொதிகளைக் கிளறினார்கள். பால்போத்தலைப் பார்த்த சிப்பாய், குடித்துக் காட்டச் சொன்னான். ஒரு மிடறு போதும் என்று அவன் சொல்லவில்லை, நேசமலரும் கேட்கவில்லை. அவன் "சரி" என்றபோது போத்தலில் பாதிதான் மிச்சம்.

அதற்கப்பால் ஒரு பெரிய தராசு இருந்தது. சின்ன விமானமாதலால் பொதிகளை மட்டுமல்ல, ஆட்களையும் நிறுத்தார்கள். ஹபீலாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

தராசடியில் நின்ற கிளாக்கர் படிவத்தைப் பார்த்தார். தாய் நாற்பத்தெட்டுக் கிலோ, பிள்ளை ஏழரைக் கிலோ என்று நேசமலர் தன் கைப்பட எழுதியிருந்தாள். தராசு அறுபத்திரண்டு காட்டியது. கிளாக்கர் தராசைத் தட்டினார். பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் கிளினிக் கார்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். போன கிழமை நிறுத்தது, ஏழரைக் கிலோவேதான்.

"மிஸ்," என்றார் சிங்களத்தில், "ஒரு கிழமையில் ஆறரைக் கிலோ வளருகிற பிள்ளையை நான் கண்டதில்லை. என்ன பால்மா குடுக்கிறீர்கள்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நேசமலர் மட்டும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நாட்களில் பிள்ளையின் உடுப்புக்குள் சாமான் ஒளித்தது பிடிபட்டால் எங்கே கொண்டுபோவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

கிளாக்கர் அனுப்பிய பெண்கள் சோதனைச் சாவடிக்குள் ஒரு இளம் ஆமிக்காரி இருந்தாள். மேசைமேல் ஆரணியைக் கிடத்தி, சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் பையில் கம்பளி நூல். இரண்டாவதில் இன்னும் கம்பளி நூல். மூன்றாவதில் மூக்குக்கண்ணாடி. அதைப் பிரித்துப் பார்த்து, ஆரணியின் முகத்தையும் பார்த்தாள். நாலாவது பையில் கையை விட்டவள், "அம்மே!" என்று கத்திக்கொண்டு கையை வெளியே இழுத்தாள்.

பல்செட் மேசையில் விழுந்தது. ஆரணி அதை எட்டி எடுத்து, ஒரு பல்லும் முளைக்காத தன் வாய்க்குள் திணித்துக்கொண்டு, ஆமிக்காரியைப் பார்த்தாள். கொக்குவில் அண்ணரின் முப்பத்திரண்டு பல்லும் சிரித்தன.

"மேக்க பபாகெத அக்கே?" இது பாப்பாவுடையதா அக்கா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்டு முடிப்பதற்குள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நேசமலர், தெரிந்த சிங்களத்தில், இடியப்பத்தைப் பாலில் ஊறவைக்கும் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆமிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் அப்பாவுக்கும் பல் இல்லை என்றாள். பிறகு மெத்தையைத் திறந்தாள். அந்தோனியாரைக் கண்டதும் தொப்பியைச் சரிசெய்து கும்பிட்டாள். கேக்கை ஒரு நீளக் கம்பியால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்தாள். எல்லாவற்றையும் கையில் கொடுத்து வெளியே அனுப்பினாள்.

கிளாக்கர் மட்டும் இளகவில்லை. "நாலு கிலோவுக்குக் கண்ணை மூடிக்கொள்கிறேன். மிச்சம் இரண்டரை இறங்க வேண்டும். நான் சொல்லவில்லை, விமானம் சொல்லுகிறது."

நேசமலர் சாமான்களைப் பார்த்தாள். அந்தோனியாரை இறக்கச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. பல்லும் கண்ணாடியும் பாரமேயில்லை. அக்காவின் கேக் சரியாக இரண்டரைக் கிலோ. அதை வாசலுக்குத் திருப்பி அனுப்பினால் அக்கா என்ன சொல்லுவாள் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தமிழிலேயே உரக்கச் சொன்னாள்: "என்னாலை இதைக் கொண்டுபோக ஏலாது. எல்லாரும் சாப்பிடுங்கோ!"

கத்திக்கு எங்கே போவது? கிளாக்கர் கோடு போடும் அடிமட்டம்தான் உதவியது. வரிசையில் நின்ற முப்பது பேரும், சிப்பாய்களும், ஆமிக்காரியும் கேக் சாப்பிட்டார்கள். கிளாக்கர் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

அப்போது தராசைத் தாண்டி நின்ற ஒரு மெலிந்த மனிதர் தொண்டையைச் செருமினார். தில்லைநாதன் என்று பெயர். நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர், கலியாணம் செய்யாதவர், மானிப்பாயில் இருக்கிற வீட்டைப் பார்க்கப் போகிறவர்.

"ஒரு சின்னக் கணக்கு," என்றார். "நாங்கள் நிறுத்து முடிஞ்ச ஆக்கள். இப்ப கேக் எங்கடை வயித்துக்குள்ளை போச்சுது. விமானத்திலை ஏறுற பாரம் குறையேல்லையே?"

"தாத்தா, சும்மா சாப்பிடுங்கோ" என்றார் கிளாக்கர், வாய் நிறையக் கேக்கோடு, அவருக்குத் தெரிந்த தமிழில்.

விமானத்துக்குள் தில்லைநாதனுக்குப் பக்கத்து இருக்கைதான் நேசமலருக்குக் கிடைத்தது. யன்னல் திரைகளை இழுத்து மூடச் சொன்னார்கள். ஓடத் தொடங்கும்போதே ஆரணி பால் கேட்டாள். பாதிப் போத்தல், விமானம் ஓடுபாதையின் முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. சக்கரம் நிலத்தைவிட்டு எழும்பிய அதே நேரம் அவள் எடுத்த குரலில், விசிறிகளின் இரைச்சல் அடங்கிப்போனது. தாய்ப்பால் கொடுப்பதென்றால் மூன்று சேலையைத் தாண்ட வேண்டும். நேசமலர் காதுக்குள் பஞ்சு வைத்தாள், பிறகு அதைப் பிடுங்கி எறிந்தாள். தட்டினாள், பாடினாள். பின்னாலிருந்து ஆறேழு பேர் ஒரே நேரத்தில் வைத்தியம் சொன்னார்கள்.

"இஞ்சை தாங்கோ பிள்ளை," என்றார் தில்லைநாதன். சொல்லிவிட்டுப் பயந்தும் போனார். அறுபத்துமூன்று வயதுவரை அவர் ஒரு குழந்தையையும் தூக்கியதில்லை. வரைபடச் சுருளைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் நீட்டி வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தீவுகளின் பெயர்களைத் தாழ்ந்த குரலில் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். "மண்டைதீவு... வேலணை... புங்குடுதீவு... நயினாதீவு..." நெடுந்தீவுக்கு வர முதல் ஆரணி தூங்கிப்போனாள்.

கை வெறுமையானதும்தான் நேசமலருக்குத் தான் ஆகாயத்தில் இருப்பது உறைத்தது. இவ்வளவு நேரமும் பிள்ளை, பல், கேக் என்று இருந்ததில் பயப்பட அவகாசம் கிடைக்கவில்லை. இப்போது கீழே ஒன்றுமில்லை என்பது உள்ளங்கால் வழியாக ஏறியது. கீழே கடலா காடா, யாருடைய துவக்குக் குழல் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று திரைக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. மடியில் கிடந்த அந்தோனியாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அந்தோனியாரே, இறக்கிவிடும்" என்றாள். உடனே சைவ மனச்சாட்சி உறுத்தி, "நல்லூரானே, கோவியாதை, இவர்தான் கைக்கு எட்டின தூரத்திலை இருக்கிறார்" என்றும் சொல்லிக்கொண்டாள்.

பலாலியில் இறங்கியபோது தில்லைநாதனுக்குக் கை மரத்துப்போய்த் தன் பையையே தூக்க முடியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அவர் அசையவேயில்லை. பஸ்ஸில் பட்டணத்துக்கு வந்து பிரியும்போது, "நல்ல பிள்ளை, தீவெல்லாம் கவனமாக் கேட்டது" என்றார்.

பஸ் நின்ற இடத்தில் யோகநாதன் சைக்கிளோடு நின்றார். நேசமலருக்கு ஒரு நிமிடம் ஆளைத் தெரியவில்லை. மீசை இல்லை.

"மீசைக்கு என்ன நடந்தது?"

"பிள்ளைக்குக் குத்துமெண்டு கந்தோரிலை கூட வேலை செய்யிறவங்கள் சொன்னவங்கள்."

ஏழு மாதமும் ஒவ்வொரு பின்னேரமும் மீசை வைத்த படத்தைக் காட்டி "அப்பா, அப்பா" என்று அவள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீணாயிற்று. ஆரணி அந்த வழித்த முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். அழவில்லை. கையை நீட்டி மேலுதட்டைப் பிடித்து இழுத்தாள். யோகநாதன் அசையாமல் நின்றார், கண் மட்டும் கலங்கியது. உதட்டை அவள் விட்ட பிறகுதான் பேசினார்.

"நான் தூக்கலாமே? கழுத்து நிக்குமே?"

"ஏழு மாசப் பிள்ளைக்குக் கழுத்து நிக்காதே? இரத்மலானையிலை ஆமியின்ரை முன்னாலை பல்லுக் கட்டிக்கொண்டு சிரிச்ச பிள்ளை!"

"என்ன பல்லு?"

அவர் பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்தி, நிறைகுடம் கொண்டுபோகிறவர்போல அடிமேல் அடி வைத்து நடந்தார். மூன்று சேலையோடு நேசமலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தில் போனாள். வீடு போய்ச்சேர ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வழி முழுக்க அவள் கதை சொல்லிக்கொண்டே போனாள். பாதி வழியில், கதை கேக் வெட்டிய கட்டத்துக்கு வந்தபோது, யோகநாதன் நின்று கேட்டார்: "அம்மாவுக்கு ஒரு துண்டு எண்டாலும் எடுத்து வைச்சனியே?"

"இல்லை," என்றாள் நேசமலர். "ஏலாமல் போச்சு."