தனியார் சாலை, உள்ளே வராதே

"விண்ணப்பதாரர்: சாலைப் பராமரிப்புக்குச் சட்டப்படி பொறுப்பேற்ற அமைப்பு." வட கரோலினா மலையில் என் வீட்டுக்கு மேலே சரிவில் குடியிருக்கும் ஹோபர்ட் லெட்ஃபோர்டைப் பற்றி அரசாங்கத் தாள் இப்படிச் சொன்னது. அந்த அமைப்புக்கு எழுபத்திரண்டு வயது. இடது முழங்கால் மடங்காது. சொத்து, ஒரு துருப்பிடித்த டிராக்டர்.

புயல் அடித்த மூன்றாம் நாள் அவர் மனைவி வெர்லீனை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் நகரத்து மருத்துவ இல்லத்தில் சேர்த்தார்கள். இதயம் ஓய்ந்துவிட்டது, இனி சிகிச்சை இல்லை என்றார்கள். சாவதற்குள் வீட்டுக்கு வர வேண்டும் என்றாள் அவள். கீழே கொண்டுபோகத்தான் ஹெலிகாப்டர். மேலே கொண்டுவர ஆம்புலன்ஸ்தான். அது ஏற வேண்டிய சாலையில் இரண்டு மைலுக்குச் சேறும் விழுந்த ஓக் மரங்களும்.

பொதுச்சாலை என்றால் அரசு செலவில் அள்ளுவார்கள். இது பொதுச்சாலையா என்று பார்க்க நிவாரணத் துறை ஆய்வாளர் டானா வந்தாள். நல்ல பெண், 'தகுதி உண்டு' என்று எழுதிவிடத் துடித்தாள்.

"அரசாங்க ஆளுங்க எப்பவாச்சும் இந்த ரோட்ட சரி பண்ணியிருக்காங்களா சார்?"

"அவனுங்களா? முப்பது வருஷமா ஒருத்தன் வந்ததில்ல. நான் வரவும் விடல. நானே ஜல்லி கொட்டி நானே நெரவுறேன்."

"தபால் வண்டியாவது மேல வருமா?"

"எதுக்கு? பெட்டிய எல்லாம் கீழயே நட்டு வெச்சுட்டேன்."

பின்னாலிருந்து அவர் காலை மிதித்தேன். மடங்காத காலாகப் போயிற்று, அவருக்கு உறைக்கவில்லை.

"கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க சார்."

"யோசிக்க என்னம்மா இருக்கு? பொய்யா சொல்றேன்?"

சாலை முனையில் 'தனியார் சாலை, உள்ளே வராதே' என்ற பலகை. மான் சுட வருகிறவர்களுக்காக அவரே அழகாக எழுதியது. டானா தலையைக் குனிந்துகொண்டு அதைப் படமெடுத்தாள்.

யாரிடமும் கை நீட்டாமல் வாழ்வதுதான் எங்கள் மலையில் நற்சான்றிதழ். அதைத்தான் ஒவ்வொரு பதிலிலும் ஹோபர்ட் நீட்டினார். கடிதம் வந்தது: தனியார் சாலை, தகுதி இல்லை, சேற்றையும் மரக்கழிவையும் பொதுச்சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்து போட்டால் அகற்றப்படும். அதாவது, மலையை நீங்கள் இறக்கிவிட்டால் நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

ஹோபர்ட் ரம்பத்தை எடுத்தார். அந்தச் சாலையில் இருந்த ஐந்து வீடுகளில் மூன்று ஆற்றோடு போயிருந்தன. மிச்சம் அவரும், கை உடைந்த நானும். சாயங்காலம் வெர்லீன் போனில் வருவாள்.

"எங்க வரைக்கும் வந்திருக்க, கிழவா?"

"பெரிய வளைவு வரைக்கும்."

"அந்தப் போர்ட வெட்டினியா?"

"அது நல்ல மரம்டீ."

பெரிய வளைவு இன்னும் அரை மைல் தள்ளியிருந்தது. டானாவிடம் சொல்லாத பொய்யை வெர்லீனிடம் சொன்னார்.

முப்பத்தோராம் நாள் அவள் இறந்தாள், கீழேயே. லெட்ஃபோர்டு குடும்பத்தின் இடுகாடு அவர்கள் வீட்டுக்கும் மேலே, முகட்டில். நகரத்திலேயே புதைக்கலாமே என்றார் பாதிரியார். வேண்டாம் என்றார் ஹோபர்ட். உடலைப் பிணவறையில் வைத்திருக்கச் சொன்னார்.

மறுநாளும் மரம் வெட்டினார். ஐம்பத்திரண்டாம் நாள் சாலையை முடித்து, அவளை வீட்டு வாசல் வழியாக மேலே கொண்டுபோய்ப் புதைத்தார்.