நீலத்துக்குள் நின்ற உப்பு வண்டி

உப்பு வியாபாரத்தில் மழைக்குப் பயப்படணும், துருவுக்குப் பயப்படணும். இப்போ வருமான வரிக்காக வண்டியில் மாட்டியிருக்கும் பொட்டிக்கும் பயப்படணும். சொந்த வண்டி வைத்து அல்லாடுகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா!

பொட்டி வந்தது

டீசல் செலவுக்கு வெறும் பில் பத்தாது, வண்டி எங்கே ஓடியது என்றும் காட்டணும் என்று பயமுறுத்தினார் திண்டிவனத்து ஆடிட்டர் அம்மா. கிலோமீட்டரைத் தானே பதியும் ஜிபிஎஸ் பொட்டி ஒன்றைப் பாதி விலைக்குக் கேட்டு, கடைக்காரனோடு சண்டை போட்டு, முக்கால் விலைக்கு வாங்கி வந்தேன். டிரைவர் குமார் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். "டேய், இதுக்கு ஏதாவது ஆச்சு, வண்டிப் பக்கமே வராத" என்றேன். ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டியதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"ஓனர், நான் டீ குடிக்க நிறுத்துனாகூட இது கவர்மெண்டுக்குச் சொல்லிடுமா?"

தண்ணீரில் ஓடும் வண்டி

மாசக் கடைசியில் ஆடிட்டர் அம்மா போன் பண்ணினார். குரலே சரியில்லை. மேப்பில் எங்கள் உப்பளம் மொத்தமும் பக்கத்துக் கால்வாயோடு சேர்ந்து நீலமாகக் கிடக்கிறதாம். லோடு ஏற்றக் கால்வாய்க் கரைமேல் போகிற வண்டி, பொட்டிக் கணக்கில் தண்ணீருக்குள் போய் நின்றுவிட்டுத் திரும்புகிறது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "அது உப்பளம்மா! வந்து நாக்குல வச்சுப் பாருங்க!" என்று கத்தினேன்.

"நான் நம்புறேன் சார். ஆபீசர் கேட்டா, தண்ணியில வண்டி ஓட்டுன டீசல் செலவுன்னு எழுதவா?"

நகராத புள்ளி

வானம் கறுத்தால் உப்பளத்தில் ஒரே ஓட்டம்தான். குவித்த உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். மூட முடியாததை லோடு ஏற்றி அனுப்பிவிடுவோம். அன்றைக்கும் "இந்த ஒரு லோடு, போடா" என்று குமாரை விரட்டினேன். மழை கொட்டித் தீர்த்தது. போனில் பார்த்தால் புள்ளி நீலத்துக்குள் நிற்கிறது. எப்பவும் அப்படித்தானே என்று டீயை உறிஞ்சினேன்.

டீ முடிந்தது, புள்ளி நகரவில்லை. குமாருக்குப் போன் போகவில்லை. அப்புறம்தான் உறைத்தது: கரைமேல் நின்றாலும் நீலம், கால்வாயில் கவிழ்ந்தாலும் அதே நீலம். பைக்கை எடுத்துக் கரைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் அவன் சம்சாரம் போன்மேல் போன். எடுக்கத் தைரியம் வரவில்லை.

கரை சரிந்து, வண்டி கண்ணாடி வரை தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. கேபின்மேல் குமார், உடம்பில் சட்டை இல்லை. சட்டையைத் தார்ப்பாய்த் துண்டோடு சேர்த்து எதையோ சுற்றி, நெஞ்சோடு அணைத்திருந்தான். வண்டி சரியும்போதும் அதைப் பிடுங்கிக்கொண்டுதான் மேலே ஏறியிருக்கிறான். என்னைப் பார்த்ததும், குளிரில் பல் அடித்துக்கொள்ளச் சொன்னான்:

"கத்தாதீங்க ஓனர், பொட்டி நனையல."

என் பைக்கில் பொட்டி இல்லாததால், அந்த மழையில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிய தூரம் செலவில் சேராதாம், ஆடிட்டர் அம்மா சொல்லிவிட்டார்!