குதிரைக்குப் பின்னால் ஒரு படகு

2007ஆம் வருஷம். மாங்கனித் திருவிழா முடிந்து, காரைக்கால் வீதிகளில் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம். பிரான்சில் இருக்கும் என் மகனும் மருமகளும் ஒன்றரை மாத விடுமுறைக்கு வந்திருந்தார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் கடற்கரையில்தான். பன்னிரண்டு வயதில் வள்ளம் செய்யும் ஆசாரியிடம் உளி எடுத்துக் கொடுக்கப் போனவன். ஃபைபர் படகு வந்தபோது, பிளாஸ்டிக் டப்பா கடலைத் தாங்குமா என்று ஊரே சிரித்தது. நான் வெளியூர்ப் பட்டறை ஒன்றின் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். நாலாம் நாள் ஊருக்கு வந்து அச்சு போட்டுவிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்கும் எங்கள் கரையில் நிற்கும் படகுகளில் எது என் பட்டறையில் பிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு, தட்டிப் பார்த்தே சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

என் மருமகள் பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் தாத்தா அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன காரைக்கால்காரர். அங்கே வளர்ந்தாலும் தமிழை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுவாள். தினமும் காலையில் காபியோடு மாடி வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு சீட்டுக்கட்டைக் கலைத்து, ஒரே ஒரு சீட்டை எடுப்பாள். அதில் உள்ள படத்தை ஐந்து நிமிஷம் பார்ப்பாள். நோட்டில் இரண்டு வரி எழுதுவாள். பிறகு கட்டைத் துணியில் சுற்றி வைத்துவிடுவாள்.

நாலு நாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, சோசியமெல்லாம் சரி. கிளி எங்க?" என்று கேட்டேன்.

"கிளி நான்தான் மாமா. நெல்லுக்குப் பதிலா காபி" என்றாள்.

அவள் ஊரில் அதைத் தாரோ என்பார்களாம். இங்கே இப்போது டாரட் என்கிறார்கள். மொத்தம் எழுபத்தெட்டு சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு படம். ராஜா, ராணி, நிலா, கோபுரம், மலை நுனியில் நிற்கும் ஒரு பையன், அவன் காலடியில் ஒரு நாய். எனக்குப் பிடித்துப்போனது. எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். யாருக்கோ பரிசாகக் கொடுக்க வைத்திருந்த புதுக்கட்டு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். உள்ளே ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவளே புரிந்துகொண்டு அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்குப் புத்தகம் வேணாம் மாமா. நிறைய பேரு புத்தகத்தைப் பார்ப்பாங்க, படத்தைப் பார்க்கவே மாட்டாங்க. ஒரு நாளைக்கு ஒரு சீட்டு. கண்ணுக்கு என்னென்ன தெரியுதோ அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்க. முழுக்கட்டும் பழகுற வரைக்கும் வேற யாருக்கும் பார்க்காதீங்க."

என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "எழுபத்தெட்டு நாளா? அந்த மனுசனுக்கு எட்டு நாளே பொறுமை கெடையாதும்மா!"

ஆனாலும் நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். முதல் வாரத்தில் ஒரு நாள் படகுப் படம் ஒன்று வந்தது. ஒரு ஆள் கழி ஊன்றுகிறான். முன்னால் ஒரு பெண்ணும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். படகின் அடியில் ஆறு கத்திகள் குத்தி நிற்கின்றன. "அடியில ஆறு ஓட்டை போட்ட படகு எந்த ஊர்லம்மா மிதக்கும்?" என்றேன். மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் நோட்டை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டாள். கத்தியைப் பிடுங்கினால்தான் முங்கும் என்று ஒரு யோசனையும் சொன்னாள். படிக்காத மாமனார் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்ளும் மருமகள் எத்தனை பேருக்கு வாய்ப்பாள்? அன்று பூராவும் நான் தரையில் நடக்கவில்லை.

அங்கேதான் கெட்டது. மூன்றாம் வாரத்தில் கட்டைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தேன். பெயிண்டருக்கு ஒன்று எடுத்துச் சொன்னேன். ஐஸ் வண்டிக்காரருக்கு ஒன்று. இருவரும் அப்படியே பலித்தது என்றார்கள். பலிக்காமல் என்ன செய்யும்? எனக்குத்தான் அவர்கள் வீட்டுக் கதையெல்லாம் ஏற்கனவே தெரியுமே!

அந்த வாரம்தான் திருவேட்டக்குடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மீன் கூடை சுமந்து விற்கிறவர். சுனாமியில் கணவரைப் பறிகொடுத்தவர். ஒரே மகன். அலை அடித்த நாளிலிருந்து இரண்டரை வருஷமாக மகனைக் கடலுக்கு அனுப்பவில்லை. அவன் கண்ட வேலைக்கும் போய், எதிலும் ஒட்டாமல் திரும்பி வந்துகொண்டிருந்தான். கடைசியில் அவன் கூட்டாளிகள் இருவர் நடையாய் நடந்து அவர் மனதைக் கரைத்தார்கள். மூவருக்குமாக ஒரு படகு என் பட்டறையில் தயாராகி நின்றது. ஆவணியில் எந்த நாளில் கடலில் இறக்குவது என்று பேசத்தான் நாலு பேருமாக வந்திருந்தார்கள்.

"என்னண்ணே, பட்டறையில சீட்டாட்டமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆட்டம் இல்ல. பிரான்ஸ் சீட்டு. நடக்கப்போறதைச் சொல்லும்" என்றேன். மருமகள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அது நானாகச் சேர்த்தது.

கூட்டாளிகளில் ஒருவன், "அப்ப வஞ்சிரம் எந்தப் பக்கம் கெடக்குன்னு கேட்டுச் சொல்லுங்க மாமா" என்று கிண்டல் செய்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படகை நினைத்து ஒரு சீட்டை உருவினார்.

வெள்ளைக் குதிரை. அதன்மேல் கவசம் போட்ட எலும்புக்கூடு. கையில் கறுப்புக் கொடி. கீழே ஒரு ராஜா செத்துக் கிடக்கிறார்.

நான் அந்தச் சீட்டை அதுவரை பார்த்ததே இல்லை. என் கைக்கு இன்னும் வராத சீட்டு. கீழே ஏதோ எழுதியிருந்தது, அதுவும் எனக்குப் படிக்க வராது. அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வார்த்தை: "எனக்குத் தெரியாது." பட்டறையில் பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அது எனக்கு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல சகுனம் இல்ல. சாவு வந்திருக்கு. படகை இப்ப எறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா இருபத்திரண்டு வயசு மகனைச் சின்னப் பிள்ளை மாதிரி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கூட்டாளிகள் இருவரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "என்ன மாமா இப்புடிப் பண்ணிட்டீங்க? கடலுக்குப் போனா என் பொணத்தைத் தாண்டித்தான் போவணும்னு அவங்கம்மா சோறு தண்ணி இல்லாம படுத்துக் கெடக்கு. அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறேன்னு பையைத் தூக்கிட்டு நிக்கிறான். அவனை விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் எப்புடி மாமா கடலுக்குப் போறது?"

மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் போனதும் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவள், "காலையில போவோம் மாமா" என்றாள்.

"நான் எதுக்கும்மா? நீ விவரம் தெரிஞ்சவ. நீயே போய், அந்தச் சீட்டுக்கு அர்த்தம் அது இல்லன்னு சொல்லிட்டு வந்துடு."

"நான் சொன்னா அது இன்னொரு சோசியம் மாமா. உங்க சோசியம் பெரிசா, என் சோசியம் பெரிசான்னு அவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

மறுநாள் பத்து மணிக்கு என் காரிலேயே போனோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் வரிசையாக இருக்கும் தெரு. அந்த அம்மா முகம் வீங்கி, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என் காரைப் பார்த்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். பேசச் சொல்லவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

இத்தனை வருஷத்தில் கடலோடும் கஸ்டம்ஸோடும் போலீஸோடும் பேசியவன் நான். அன்று தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினேன். "தங்கச்சி, அந்தச் சீட்டு என்னன்னே எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன். தப்பு என்மேல" என்றேன்.

"சமாதானத்துக்குச் சொல்றீங்கண்ணே" என்றார் அந்த அம்மா. "வந்தது வந்ததுதானே? என் கையாலதானே எடுத்தேன்?"

நான் அதோடு தோற்றுப்போனேன். மருமகள் தோற்கவில்லை. ஒரு பாய் கேட்டாள். தரையில் விரித்து, என் கட்டு முழுவதையும் படம் தெரியும்படி பரப்பினாள். எழுபத்தெட்டும். தெருப் பெண்கள் குனிந்து பார்த்து, இது யாரு, அது என்ன, இந்தப் பொம்பளை ஏன் சிங்கத்து வாயைப் பிடிச்சிருக்கா என்று ஆரம்பித்துவிட்டார்கள். பயம் அங்கேயே பாதி குறைந்தது. பிறகு அந்த அம்மாவிடம், "உங்களுக்கு வந்ததை நீங்களே தேடி எடுங்க அத்தை. என்ன தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள்.

அந்த அம்மா தேடி எடுத்தார். முதலில் கையைத் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவந்தார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, பிடித்து எத்தனை நேரம் ஆயிற்று என்று சொல்கிற கண் அது.

"குதிரை. எலும்பு. ராசா கெடக்குறாரு. பாதர் மாதிரி ஒருத்தரு கையெடுத்துக் கும்புடுறாரு. ஒரு பொண்ணு மொகத்தைத் திருப்பிக்கிச்சு. ஆனா இந்தச் சின்னப் புள்ள பயப்படலயே? பூவைக் கையில வச்சிக்கிட்டு நிமிந்து பாக்குது..." என்றவர் நிறுத்தினார். சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இந்தா, இங்க பாருங்கண்ணே. பின்னாடி ஆத்துல ஒரு படகு போவுது."

நான் வாங்கிப் பார்த்தேன். குதிரைக்குப் பின்னால், நகம் அளவுக்கு, பாய் விரித்து ஒரு படகு. வாழ்நாள் பூராவும் படகு கட்டியவன் நான். பட்டறையில் எலும்பைப் பார்த்தேன், கொடியைப் பார்த்தேன், என் மரியாதையைப் பார்த்தேன். படகைப் பார்க்கவில்லை.

"சாவெல்லாம் கரையிலதான் நிக்குது. படகு அதுபாட்டுக்குப் போவுது" என்றார் அந்த அம்மா. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவரும் கரையிலதான் போனாரு. வலை பிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அன்னிக்குக் கடலுக்குப் போன அவரு தம்பி, அலை வந்ததே தெரியாம, மீனோட திரும்பி வந்தான். இது எனக்குத் தெரியாததா? தெரிஞ்சும் நான் கடல்மேல பழியைப் போட்டுட்டேன்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அர்த்தம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னபடியே வாயைத் திறக்கவே இல்லை. இத்தனை படித்த பெண் வாய் மூடி உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தை நான் எந்தப் பெரிய மனிதரிடமும் பார்த்ததில்லை.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "சீட்டு கெடக்கட்டும்ண்ணே. படகைச் சரியா கட்டியிருக்கீங்களா? அதைச் சொல்லுங்க."

அதற்கு எனக்குப் பதில் தெரியும். "முன்னாலயும் பின்னாலயும் காத்துப் பெட்டி அடைச்சிருக்கேன். கவுந்தாலும் முங்காது. அடியில ஒரு பூச்சு கூடவே போட்டிருக்கேன். சந்தேகம்னா வந்து தட்டிப் பாரு தங்கச்சி."

மறுநாளே வந்து தட்டிப் பார்த்தார். படகின் முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரை, இரண்டு பக்கமும், விரல் முட்டியால். ஒரு இடத்தில் நின்று, "இங்க சத்தம் கொஞ்சம் மாறுதே?" என்றார். நான் தட்டினேன். மாறியது. உள்ளே காற்றுக் கொப்புளம். பெரிய குறை இல்லை, ஆனால் குறைதான். அன்றைக்கே சுரண்டி எடுத்துத் திரும்பப் பூசினேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை படகு இறங்கியது. மகன் கடைசியாக ஏறினான். அந்த அம்மா அழவில்லை. "உப்பு மறந்துட்டியாடா?" என்று கத்தினார். எங்கள் பக்கத்தில் சில தாய்மார்கள் போய்வா என்று சொல்லமாட்டார்கள், இப்படி எதையாவது கேட்பார்கள். என் மருமகள் அலை நனைக்கும் இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இன்றைக்கும் நான் காலையில் ஒரு சீட்டு எடுக்கிறேன், எனக்கு மட்டும். யாராவது வந்து அவர்களுக்கு ஒன்று பார்க்கச் சொன்னால், கட்டைப் பரப்பி வைத்துவிட்டு, எனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். பட்டறையில் மூன்று நாளில் கற்றுக்கொண்ட தொழிலால் சோறு சாப்பிடுகிறேன். அந்தத் தெரு வாசலில், என் மகளாகப் பிறந்திருக்க வேண்டிய ஒருத்தியும் கூடை சுமக்கிற ஒரு அம்மாவும் ஒரே காலையில் கற்றுக்கொடுத்ததால்தான், ஒரு தாய் என்னிடம் எதையாவது நம்பிக் கேட்கும்போது தலைநிமிர்ந்து அவர் கண்ணைப் பார்க்க முடிகிறது.