தரையைத் தட்டும் காரும் போடிமெட்டு வளைவுகளும்

நல்லா ஓடிக்கிட்டிருக்கிற காரைப் பிரிச்சு, இன்னும் நல்லா ஓட வைக்கிறேன்னு கிளம்புறவங்க ஊருக்கு நாலு பேர் இருப்போம். நீங்களும் அந்த ரகம்னா இதெல்லாம் உங்களுக்குப் புதுசா இருக்காது. போடியில எனக்கு ஏலக்காய் வியாபாரம். கூட்டாளி ரபீக் டயர் கடை வச்சிருக்கான். ரெண்டு பேருக்கும் நோய் ஒண்ணுதான்.

கல்யாணத்துக்குப் போன மாமனார்

வளைவுல சாயக்கூடாதுன்னு ஸ்பிரிங்கை மாத்திக் காரைத் தரையோட இறக்கினோம். பார்க்க அம்சமா இருந்துச்சு. மறுநாளே மாமனாரைத் தேவாரத்துல ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதாயிருச்சு. வேகத்தடை வந்தாலே அடி தட்டும். ஆளை இறக்கி விட்டாத்தான் வண்டி ஏறும். அவரும் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இறங்குவாரு, நடப்பாரு, ஏறுவாரு. மண்டபத்து வாசல்ல வேட்டியை உதறிட்டுச் சொன்னாரு: "திரும்புறப்ப நான் பஸ்சுல வந்துர்றேன் மாப்ளே. எனக்கு முழங்கால் வலி."

சைலன்சர்

சைலன்சரை மாத்தின பிறகு, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி படபடன்னு வெடிக்கும். வீட்டு வாசல்ல ஸ்டார்ட் பண்ணக்கூடாதுன்னு சம்சாரம் சொல்லிட்டா. ஒருநாள் சாயங்காலம் மலையடிவாரத்து ரோட்டுல நானும் ரபீக்கும் அந்தச் சத்தத்தை ரசிச்சுக்கிட்டிருந்தோம். தென்னந்தோப்புல இருந்து ஒரு விவசாயி கம்போட ஓடி வந்தாரு. அடிக்கத்தான் வர்றாருன்னு ரபீக் கண்ணாடியை ஏத்திட்டான். விசாரிச்சா, தோப்புக்குள்ள நின்ன யானை எங்க சத்தத்துல மலைப்பக்கம் திரும்பிப் போயிருச்சாம். ரொம்ப மரியாதையாக் கேட்டாரு: "அண்ணே, வேற சோலி இல்லைன்னா நாளைக்கும் வர்றீங்களா?"

பின் சீட்டு

எடை குறைஞ்சா வேகம் கூடும்னு பின் சீட்டைக் கழட்டிப் போட்டோம். அந்த வாரமே போடிமெட்டுல இருந்து நாங்க இறங்குறப்ப, ஒரு எஸ்டேட் ஜீப்பு ரேடியேட்டர் புகைஞ்சு நின்னுக்கிட்டிருந்துச்சு. ஒரு அம்மா நடு ரோட்டுல நின்னு கையை ஆட்டுனாங்க. ஏலத்தோட்டத்துல களை எடுக்கும்போது அவங்க வீட்டுக்காரரைப் பாம்பு கடிச்சிருச்சு. கால் வீங்கி, பேச்சு குழற ஆரம்பிச்சிருந்துச்சு.

ரபீக் இறங்கிக்கிட்டான். அவரை முன் சீட்டுல சாய்ச்சு பெல்ட்டை மாட்டினோம். அந்த அம்மா பின்னால வெறும் தகரத்துல உட்கார்ந்து, "ஏங்க, முழிச்சிருங்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. வேகமாப் போகணும்னு ஆசைப்பட்டுக் கட்டின வண்டிதான். அன்னைக்கு ஸ்டியரிங் கையில வழுக்குச்சு. ஒவ்வொரு வளைவுலயும் அந்த அம்மா ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் போய் முட்டுற சத்தம் கேட்டுச்சு. பாதி மலை இறங்குறப்ப அவருகிட்ட இருந்து பதில் நின்னுபோச்சு. அவங்க கூப்பிடுறது நிக்கல.

ஆஸ்பத்திரியில உடனே ஊசி போட்டாங்க. பொழுது சாயும்போது அவரு கண்ணைத் திறந்து தண்ணி கேட்டாரு. இன்னும் பிந்தியிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. அந்த அம்மா முழங்கையில புடைச்சிருந்த இடத்தைத் தடவிக்கிட்டே வந்து என் கையைப் பிடிச்சாங்க: "நல்லா இருப்பீங்க தம்பி. ஒரு சீட்டு மட்டும் வாங்கிப் போட்டுருங்க."

இத்தனை வேலை பார்த்தும், இந்தக் காரு எவ்வளவு வேகம் போகும்னு போடியில இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட கேட்டதில்லை.