ரமணன் அத்தானின் பீச்சாங்கை

போன வாரம் லண்டன் இல்ஃபோர்ட் ஸ்டேஷன் படிகளில் ஏறிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அத்தான் எங்களை விட்டுட்டுப் போட்டாரடா." நெஞ்சுவலியாம். ஆம்புலன்ஸ் வர முந்தியே எல்லாம் முடிந்துவிட்டதாம். அங்கேயே நின்று அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவே என் கண்முன் வந்தது ஒரு ஞாயிறு மாலை ஆட்டம். அதைச் சொல்லாமல் இந்த மனிதருக்கு என்ன அஞ்சலி எழுதுவது?

உங்களில் பலருக்கு அவர் மோர்டனில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய ரமணன் அண்ணை. அதற்கு முன்பு கனடாவில் பல்கலைக்கழக கால்பந்து அணியின் குவாட்டர்பேக். கையால் எறிந்து ஆடும் கால்பந்து அது. பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுப்பவர் அவர். அங்கே அவர்தான் ராசா! பிறகு தொழில்முறை அணிக்குப் போனார், மாற்று ஆளாக. முதல் ஆள் அடிபட்டு விழுந்தால்தான் இவருக்கு ஆட்டம். அந்த மனிதரோ லேசில் விழுகிற ஆளில்லை. அத்தான் தொப்பியைப் போட்டுக்கொண்டு, மாற்று ஆட்கள் குந்தும் வாங்குப் பலகைக்குப் பக்கத்தில், ஓரத்தில் நின்று, உள்ளே ஆடுபவருக்குக் கைச்சாடை காட்டுவார்.

அக்கா அவரைக் கட்டப்போகிறேன் என்றதும் அப்பா குதித்தார். "வாங்கில குந்தியிருக்கிறதும் ஒரு வேலையோ? அதுவும் பீச்சாங்கைக்காரன்!" அத்தான் லண்டனுக்கு வந்திருந்தபோது அப்பா அதை அவர் முகத்துக்கு நேரேயே கேட்டார். அத்தான் சிரித்தார். "மாமா, கூப்பிடுறது அவையின்ர வேலை. ரெடியா நிக்கிறது என்ர வேலை." அப்பா அப்போதும் பெண்ணைத் தருகிறேன் என்று சொல்லவில்லை.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். எங்கள் வீட்டில் யாரும் பந்தைப் பார்ப்பதில்லை, தொப்பியைத்தான் பார்ப்போம். கேமரா ஓரத்துக்குத் திரும்பினால் "அந்தா நிக்கிறார்!" என்று கத்துவோம். அன்றைக்கு ஆட்டம் முடியப்போகிற நேரம், தொப்பியைக் காணவில்லை.

"எங்கையடா அவன்? வேலையால கலைச்சுப் போட்டாங்களோ?" என்றார் அப்பா. அக்காவின் முகம் செத்துப்போயிற்று. நான் டிவிக்குக் கிட்டப் போய், வாங்கில் இருந்தவர்களை முகம் முகமாகத் தேடினேன். அணி தோற்றுக்கொண்டிருந்தது. களத்தில் ஒருவன் பந்தோடு பின்வாங்கிக் கையை ஓங்கினான்.

"பீச்சாங்கை!" அக்கா சோபாவில் ஏறி நின்று அலறினாள். "அவர்தான்! அவர் உள்ளுக்க நிக்கிறார்!"

அடேயப்பா! முதல் ஆள் அடிபட்டு வெளியே போனதை நாங்கள் கவனிக்கவே இல்லை; தலைக்கவசம் போட்ட அத்தானை எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை! பந்து பறந்தது. இரண்டு தடியர்கள் அவரை அமுக்கி விழுத்தினார்கள். பந்து போய்க்கொண்டே இருந்தது. எல்லைக்கோட்டுக்கு அப்பால், பிடித்தால் புள்ளி கிடைக்கும் இடத்தில், ஒருவன் எட்டிப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வென்றாச்சு! நாங்கள் போட்ட கூத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். "பெடியன் வேலைக்கு இறங்கிட்டான். கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ."

அடுத்த வருடமும் அத்தான் ஓரத்தில்தான் நின்றார். கவலையில்லையா என்று கேட்டேன். "டேய், நிக்கிறதும் விளையாட்டுத்தான்ரா" என்றார்.

இறுதிச் சடங்கில் அக்கா அந்தப் பழைய தொப்பியையும், அன்றைக்கு வென்றதும் அணி அவருக்குக் கொடுத்த பந்தையும் கொண்டுவந்திருந்தாள். தொப்பியைப் பெட்டிக்குள் வைக்கப்போனாள். தள்ளாடி வந்த அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"தொப்பி வேண்டாம் பிள்ளை. அவன் ஏன் திரும்பவும் வாங்கில இருக்கவேணும்? பந்தைத் தா."

வாங்கி, அத்தானின் இடது கைக்குள் தானே வைத்தார்.

பந்து அவரோடு போயிற்று. தொப்பி என்னிடம் இருக்கிறது.